சொல்லாத பல்லி

போன மாதம் என்னோடு வேலை செய்யும் ஒருவர் தன் மகனுக்கு ஏதாவது பிராணி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்டார். மதுரைப் பக்கத்துக்காரர். வாடகை வீடு என்பதால் நாய், பூனை முடியாது. வீட்டில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி சும்மா கிடக்கிறது; அதற்குள் அடங்க வேண்டும், அதிகம் வேலை வைக்கக் கூடாது. "நீங்க வீட்டுல ஏதோ பல்லி வளர்க்கிறதா சொன்னாங்களே" என்றார்.

இப்படியான கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல எனக்கு வராது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுவதும் விளக்கினேன். சிறுத்தைப் பல்லி வாங்குங்கள், உடம்பெல்லாம் புள்ளி இருக்கும், ஒரு சாணுக்கு மேல் பெரிதாக வளராது. தொட்டியின் ஒரு பாதிக்கு அடியில் சூட்டுப் பாய் வையுங்கள், மற்றப் பாதியைக் குளிராக விடுங்கள். எந்தப் பக்கம் இருப்பது என்று அதுவே தீர்மானித்துக்கொள்ளும். ஒளிந்துகொள்ளப் பக்கத்துக்கு ஒரு குகை. சுண்ணாம்புச் சத்துத் தூளில் புரட்டிய வெட்டுக்கிளியோ புழுவோ இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஒரு தொட்டிக்கு ஒன்றுதான். இரண்டை விட்டால் கடித்துக்கொள்ளும். அவர் எல்லாவற்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டு கடைசியாகக் கேட்டார்: "நம்ம ஊர்ப் பல்லி மாதிரி சத்தம் போடுமா? அம்மா கூட இருக்காங்க. சத்தம் கேட்டா பஞ்சாங்கத்தத் தூக்கிட்டு வந்துடுவாங்க."

"போடாது. இது சொல்லாத பல்லி" என்றேன். அவர் சிரித்தார். நான் எழுந்துபோய்ச் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய பெட்டி.

எனக்கு அப்போது பத்து வயது. நியூசிலாந்தில் மனுரேவா என்ற இடத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா விரி என்ற பக்கத்து ஊரில் ஒரு சாமான் கிடங்கில் பிற்பகல் ஷிப்ட் செய்தார். அம்மா புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை. வெளிச்சம் வருமுன் அவரை ஏற்ற ஒரு வான் வண்டி வந்து ஹோர்ன் அடிக்கும். இருவருக்கும் இலங்கையில் போர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் நிறுத்தியிருந்தது. வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசித்துச் சொல்வதும், கடையில், ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பதும் நான்தான். அதனால் அந்த வீட்டில் விஷயம் தெரிந்த ஆள் நான் என்ற எண்ணம் எனக்குள் அந்த வயதிலேயே ஊறிப்போயிருந்தது. பதில்களை ஆங்கிலம் பாதி கலந்துதான் சொல்வேன். இந்த எழுத்தில் என் வாயில் நான் போடும் தமிழ், பிறகு நானாகப் படித்த தமிழ்.

வீட்டின் முன்கதவுக்குப் பின்னால் ஒரு கொளுக்கியில் ஒரு ஜாக்கெட் தொங்கியது. கருநீலம், உள்ளே பஞ்சு வைத்தது. அது என் மாமாவுடையது. மாமா அதை ஒருநாளும் போட்டதில்லை, கண்டதுகூட இல்லை.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. வவுனியாவில் மாமியையும் என்னைவிடச் சின்னவனான மகனையும் விட்டுவிட்டு, யாரோ ஒருவர் மூலம் இந்தோனேசியாப் பக்கம் போய் அங்கிருந்து படகு ஏறினார். இந்தப் பக்கம் வந்துவிட்டால் பிறகு தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரைக் கூப்பிட்டது அப்பா. அதை அம்மா எந்தச் சண்டையிலும் சொல்லிக் காட்டியதில்லை. படகு ஏறும் முன் மாமா அனுப்பிய குரல் பதிவை அம்மா திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பார். அது எனக்கும் மனப்பாடம். "அக்கா, கடல் நல்ல அமைதியாக் கிடக்கு. அங்க குளிராமே, அத்தானிட்டச் சொல்லி ஒரு ஜாக்கெட் எடுத்து வையுங்கோ. வந்த உடனே போட." அப்பா அடுத்த நாளே போய் வாங்கி வந்தார். அதற்குப் பிறகு மாமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மழையில் அப்பா நனைந்துகொண்டே காருக்கு ஓடுவார், அந்த ஜாக்கெட்டைத் தொடமாட்டார்.

ஒருமுறை கோயிலில் ஒரு சொந்தக்காரப் பெண், எவ்வளவு காலம்தான் பார்த்துக்கொண்டிருப்பது, கிரியையைச் செய்துவிடலாமே என்று அம்மாவிடம் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அம்மா கையிலிருந்த பிரசாதத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். அந்தப் பெண்ணோடு பிறகு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. காரில் வரும்போது அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "என்ர தம்பி செத்துப்போனான் எண்டு ஆர் சொன்னாலும், அவையின்ர முகத்தில நான் முழிக்கமாட்டன்." அப்பா வீதியைப் பார்த்தபடி, "இப்ப ஆர் சொன்னது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமி வவுனியாவிலிருந்து தொலைபேசி எடுப்பார். மாமியின் தொல்லை வேறு. "பொட்டு வைச்சாலும் கதைக்கினம் அக்கா, வைக்காட்டியும் கதைக்கினம். பள்ளிக்கூடத்தில பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறாரோ எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல? நீங்கள் மூத்தவா. நீங்கள் சொல்லுறதைத்தான் நான் செய்வன்." அம்மாவுக்கும் மாமாவுக்கும் பெற்றோர் இல்லை. அதனால் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று முடிவு சொல்லும் பொறுப்பு, பகல் முழுதும் வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் கழுவிக் கட்டிவிட்டு வந்த என் அம்மாவின் தலையில் விழுந்திருந்தது.

அம்மா கேட்பார்: "அங்க பல்லி ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொல்லுது அக்கா. சாமியறைக்க இருக்கிறது நல்லாச் சொல்லுது. குசினிக்க இருக்கிறது கூடாமச் சொல்லுது. நான் எதை நம்ப?"

பல்லி எங்கள் ஆட்களுக்குச் சுவரில் ஒட்டியிருக்கிற ஒரு பூச்சிதின்னி மட்டும் அல்ல. என்ன கிழமை, எந்தத் திசையிலிருந்து அது சொன்னது என்று பார்த்து, பஞ்சாங்கத்தில் பலன் பார்ப்பார்கள். சில கிழமைகளில் தெற்கிலிருந்து சொன்னால் சாவுச் சேதி. சத்தம் கேட்டதும் கையில் இருக்கும் வேலையை விட்டு விரலால் மூன்று தரம் தட்டுவார்கள். நியூசிலாந்தில் எங்கள் வீட்டுச் சுவர்களில் பல்லி இல்லை. இதை ஒரு குறையாக அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதைச் சுத்தத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பழைய கண்ணாடித் தொட்டி எங்கள் கராஜில் கிடந்தது, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப் போனது. நான் மீன் வளர்க்க ஆசைப்பட்டு அதை வெளியே இழுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன். அடிக் கண்ணாடியில் ஒரு கீறல். ஊற்ற ஊற்றத் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் அப்பாவின் தொலைபேசி அடித்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு கராஜுக்குள் வந்தார். தொட்டிக்குப் பின்னால் நான் குந்தியிருந்ததைக் கவனிக்கவில்லை.

"ஓம், நான்தான்... சொல்லுங்கோ." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஆர் பார்த்தது?... ஒருத்தரும் மிஞ்சேல்லையோ?... இல்லை, நான் கேக்கிறது, அவருக்கு வடிவாத் தெரியுமோ?" அப்படியே கார்ச் சில்லில் முதுகைச் சாய்த்துக் கீழே இருந்துவிட்டார். ஒழுகிய தண்ணீர் அவருடைய காற்சட்டையை நனைத்தது. அவர் எழும்பவில்லை.

பிறகுதான் என்னைக் கண்டார். "அம்மாட்டச் சொல்லிப்போடாத. வேலை விசயம்."

அப்போது விரியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேச்சு. ஒருவரும் மிஞ்சவில்லையா என்று அவர் கேட்டதை நான் அதோடு பொருத்திக்கொண்டேன். அப்பாவுக்கு வேலை போகப் போகிறது என்று பயந்து, மீன் வேண்டும் என்று கேட்பதை அன்றோடு விட்டேன். தொட்டியை மட்டும் விட மனம் வரவில்லை. தண்ணீர் நில்லாத தொட்டியில் என்ன வளர்க்கலாம் என்று பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்தேன். ஊர்வன. படங்களோடு, எது சுலபம், எது கஷ்டம் என்று தெளிவாகப் போட்டிருந்தது.

அம்மாவிடம் ஒவ்வொரு படமாகக் காட்டினேன். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே பார்த்தார்.

"ஆமை வீட்டுக்குள்ள வரக்கூடாது."

ஆமைக்குத் தண்ணீரும் வேண்டும் என்பதால் நானும் விட்டுக்கொடுத்தேன். அடுத்தது தாடி வைத்த ஓணான்.

"வேலியில கிடக்கிறதைக் கொண்டுவந்து நடுவீட்டில வைக்கப் போறியோ?"

அது பெரிதாக வளர்ந்து தொட்டிக்குள் அடங்காது என்று புத்தகமும் சொன்னது. பக்கத்தைப் புரட்டினேன். நீல நாக்கு அரணை. அம்மா கத்தியைக் கீழே வைத்தார். "அதை மூடு. எனக்கு மேல் கூசுது."

கடைசியில் சிறுத்தைப் பல்லி. சின்னத் தொட்டிக்கு ஏற்றது, புதிதாக வளர்க்கப் பழகுவோருக்கு மிகச் சுலபம் என்று எழுதியிருந்தது. அம்மா கையைத் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"இது பல்லியோ?"

"ஓம். ஒரு வகை."

"பல்லி எண்டா வாங்கு அப்பன்."

அப்பாதான் மறுத்தார். "பல்லியைக் காசு குடுத்து வாங்கிறதோ? ஊரில தும்புத்தடியால தட்டிக் கலைக்கிற சாமான்." அவர் சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை. இந்த நாட்டிலேயே பல்லி இல்லையா, அதைப் பிடித்துக்கொள்ளலாமே என்று என்னைக் கேட்டார். இருக்கிறது, ஆனால் காட்டில். அனுமதி எடுக்காமல் வளர்க்க முடியாது என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன்.

"பாத்தீரே," என்றார் அப்பா. "இஞ்ச பல்லிக்கும் விசா வேணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அம்மா முன்கதவுப் பக்கம் பார்த்தார். அதற்குப் பிறகு அப்பா பல்லியைப் பற்றி ஒரு மறுப்பும் சொல்லவில்லை.

கடையில் மூக்குத்தி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் எங்களுக்குப் பல்லிகளைக் காட்டினாள். வாலில் கொழுப்பு வைத்திருந்த ஒன்று என் கையில் ஏறி, மணிக்கட்டில் நாக்கை வைத்துப் பார்த்தது. எனக்கு அதுதான் வேண்டும். அம்மா என் தோளைத் தொட்டார். "இது சொல்லுமோ எண்டு கேள்."

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் சிரித்து, இல்லை, இதில் அதுதான் நல்ல விஷயம், சத்தமும் இல்லை மணமும் இல்லை, மிகவும் பயந்தால் மட்டும் கீச்சென்று கத்தும் என்றாள். நான் ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரு நேர்மை இருந்தது.

"அவளுக்கு என்ன தெரியும்," என்றார் அம்மா. "எங்கட வீட்டை வந்தாச் சொல்லும்."

பல்லி வீட்டுக்கு வந்தது. நான் அதற்கு ஒரு பெயர் வைத்தேன்; அம்மா அந்தப் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை, பல்லி என்றுதான். தொட்டியை எங்கே வைப்பது என்பதை அம்மா தீர்மானித்தார். வரவேற்பறையின் கிழக்குச் சுவரோடு.

"இஞ்ச சூரியன் வடக்காலதான் சுத்திப் போகுது," என்று அப்பா சொன்னார். "ஊர்ப் பஞ்சாங்கத்தை வைச்சுக்கொண்டு நீர் எந்தத் திசையைப் பார்ப்பீர்?"

"கிழக்கு கிழக்குத்தான்."

அந்தக் குளிர்காலத்தில் அம்மாவை நான் அதிகம் நினைவில் வைத்திருப்பது தொட்டிக்கு முன்னால்தான். வேலையால் வந்து, ஈரச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு சோடிக் காலுறையோடு கம்பளத்தில் இருப்பார். கையில் வெங்காய மணம். "சொல்லு ராசா," என்பார். என்னைக்கூட அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை. பல்லி குகைக்குள்ளிருந்து தலையை நீட்டி, மெதுவாகக் கண்ணை மூடித் திறக்கும்.

"கண் இமைக்குது பாத்தியே. கேட்டுக்கொண்டிருக்கு."

சுவர்ப் பல்லிக்கு இமை இல்லை, இந்த வகைக்கு இருக்கிறது, அதனால் இமைக்கிறது என்றேன். இது சுவரில் ஏறாது, விரலில் அதற்கான ஒட்டும் திண்டு இல்லை. சத்தமும் போடாது. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு தகவலாக நான் அம்மாவுக்குக் கற்பித்தேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாப் பல்லியும் சொல்லும் அப்பன். நேரம் வரவேணும்," என்பார். மாமியிடமும் அதையே சொன்னார். "பொறு பிள்ளை. பல்லி ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறன். ஒண்டுதான். ஒண்டெண்டாக் குழப்பம் இல்லை." மறுமுனையில் மாமி என்ன சொன்னார் என்று தெரியாது.

அம்மா சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். வேலைக்குப் போகும் வானில் மற்றப் பெண்களோடும் கதைப்பதில்லை என்று, அவர்களில் ஒருவர் அப்பாவிடம் வந்து சொன்னார். பின்னேரம் வேலைக்குப் போகும் முன் அவரும் சில வேளை தொட்டியின் முன்னால் வந்து நிற்பார். உள்ளே பல்லி. கண்ணாடியில் அவருடைய முகம்.

ஜூலைப் பள்ளி விடுமுறையில் மழை விடாமல் பெய்து, தோட்டங்களில் தண்ணீர் நின்று, அம்மாவுக்கு வேலை இல்லாமல் போனது. அந்த நாட்களில் ஒரு காலை அப்பா குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் பஞ்சாங்கத்தை எடுத்து, அதன் பின்பக்கத்து அட்டவணையில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஆச்சரியம். அவர் அதை நம்புகிற ஆள் இல்லை. பிறகு கைபேசியில் திசை காட்டியைத் திறந்து, வரவேற்பறையின் நடுவில் நின்று மெதுவாகச் சுழன்றார். தெற்குச் சுவரிடம் போய் நின்றார்.

"தம்பி, பிடி. இதை அங்கால வைப்பம்."

"அந்தப் பக்கம் வெயில் வராது. அதுக்குக் குளிரும்," என்றேன்.

"சூட்டுப் பாய் இருக்குத்தானே. வீட்டுக்காரன் பார்க்க வந்தாக் கிழக்குச் சுவர் கண்ணில படும்."

தொட்டியைத் தூக்கி மாற்றினோம். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். தொட்டி இருந்த இடத்தையும் பார்த்தார், வந்த இடத்தையும் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம். அம்மா குசினியில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நான் கம்பளத்தில் குப்புறப் படுத்து வெட்டுக்கிளிகளின் பெட்டியைத் துப்பரவு செய்துகொண்டிருந்தேன். அப்பா வேலை உடுப்போடு, ஒளிரும் மஞ்சள் மேலங்கியோடு, தொட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். பல்லியைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் வாயைக் கையால் மறைத்து, நாக்கை அண்ணத்தில் வைத்துச் சத்தம் எழுப்பினார்.

ச்சு. ச்சு. ச்சு.

குசினியில் தண்ணீர் நின்றது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பா விளையாடி நான் பார்த்ததே இல்லை. அவர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தைக் கண்டதும் சிரிப்பு உள்ளேயே நின்றுவிட்டது. பல்லி தன் குகைக்குள் நன்றாக நித்திரை.

அம்மா ஈர விரலால் குசினி மேடையில் மூன்று தரம் தட்டினார். மெதுவாகத்தான் தட்டினார், ஆனால் எனக்குக் கேட்டது. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பஞ்சாங்கம் கை எட்டும் தூரத்தில் தொங்கியது. அதை எடுக்கவில்லை.

"எந்தப் பக்கத்தால சொன்னது?" என்று அப்பாவைக் கேட்டார்.

"தெற்கால."

"இஞ்ச தெற்கு எண்டாலும் தெற்குத்தானே?"

"ஓம்," என்றார் அப்பா.

நான் எழும்பி, "அம்மா, அது..." என்று தொடங்கினேன். அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. அழுத்தவில்லை. பிடித்துக்கொண்டு நிற்க அவருக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது போல் இருந்தது.

வேலைக்கு நேரமாகியிருந்தது. வெளியே மழை. அப்பா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கதவடிக்குப் போனார். அம்மா பின்னாலேயே போய், கொளுக்கியிலிருந்த ஜாக்கெட்டை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"மழை. இதைப் போட்டுக்கொண்டு போங்கோ."

அப்பா வாங்கவில்லை. அம்மாவே அதை விரித்துப் பிடித்தார், சின்னப் பிள்ளைக்குப் பிடிப்பது போல. ஒரு கை போனது. மற்றக் கை உள்ளே வழி தெரியாமல் தடுமாறியது. மாமா மெல்லிய ஆள் என்று அளவு பார்த்து வாங்கியது. அப்பாவுக்கு முன்பக்கம் பொருந்தவில்லை. அப்படியே திறந்த ஜாக்கெட்டோடு மழைக்குள் இறங்கிப் போனார்.

அம்மா மாமிக்கு அழைத்தார். வவுனியாவில் அப்போது விடிந்துகொண்டிருந்திருக்கும். "பல்லி சொல்லிப்போட்டுது பிள்ளை," என்று மட்டும் சொன்னார். மாமியின் குரல் தொலைபேசிக்கு வெளியே வந்தது. அம்மா அதைக் காதிலிருந்து எடுக்காமல், அரிசி ஊறிக்கொண்டிருந்த சட்டியைப் பார்த்தபடி நின்றார். மாமி அழுது ஓயும்வரை நின்றார். அதற்குப் பிறகு குசினித் தரையில் இருந்து, வாயில் துவாயை அடைத்துக்கொண்டு அழுதார். மாமா படகு ஏறிய பிறகு அம்மா அழுததை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

என் கணக்கில் நடந்தது இதுதான்: அப்பா விளையாட்டுக்கு ஒரு சத்தம் போட்டார், அதைப் பல்லி என்று நம்பி அம்மா, உயிரோடு இருக்கிற மாமாவைச் சாகக் கொடுத்துவிட்டார். இந்தப் பிழையைத் திருத்த என்னைத் தவிர ஆள் இல்லை. நூலகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் இருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து, வரிக்கு வரி வாசித்து, எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். இந்த வகைப் பல்லி அப்படிச் சத்தம் போடாது. அதால் முடியாது. அது நித்திரை. சத்தம் போட்டது அப்பா. நான் கண்ணால் கண்டேன்.

அம்மா முழுவதையும் கேட்டார். துவாயால் என் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் நானும் அழுதிருப்பது தெரிந்தது.

"எனக்குத் தெரியும் அப்பன்," என்றார். "அப்பாட்டச் சொல்லிப்போடாத."

வவுனியாவில் கிரியை நடந்தது. அம்மா கைபேசியைத் தொட்டியின் கண்ணாடியில் சாய்த்து வைத்தார். சின்னத் திரையில் என்னைவிடச் சிறிய ஒரு பையன், தோளில் நழுவும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, ஐயர் சொன்னதைச் செய்தான். மாமியின் நெற்றி வெறுமையாக இருந்தது. திரைக்குப் பின்னால் பல்லி ஒரு புழுவைத் தேடித் திரிந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. அம்மாவையும் அப்பாவையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மை தெரிந்தும் இவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று எனக்குக் கோபம்.

நான் படித்து முடித்து வேலையில் சேர்ந்த பிறகு, ஒருநாள் காரில் போகும்போது அப்பா கராஜில் வந்த அந்த அழைப்பைப் பற்றிச் சொன்னார். அதே படகில் தன் தம்பியை அனுப்பிய ஒருவர் எடுத்த அழைப்பு அது. இன்னொரு படகில் இருந்தவர்கள் அலை புரட்டியதைக் கண்டிருக்கிறார்கள். கிட்டப் போக முடியவில்லை. போன நேரம் ஒருவரும் இல்லை. "நான்தான் வா எண்டு கூப்பிட்டனான்," என்றார் அப்பா. "நானே என்ர வாயால எப்பிடிச் சொல்லுறது. அம்மா இண்டைக்கும் பல்லி சொன்னதெண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா." நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எனக்குத் தெரியும் என்று அம்மா அன்று குசினித் தரையில் சொன்னதை நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பல்லி இப்போதும் உயிரோடு இருக்கிறது. அம்மாதான் தீனி போடுகிறார். அதனிடம் அவர் பிறகு ஒன்றும் கேட்டதில்லை.

ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எனக்கு இதெல்லாம் தெரியாது. வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் நான்தான், மற்ற இருவரும் ஏதோ ஒரு குழப்பத்தில் மாமாவைக் கைவிட்டுவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன். மழை நாட்களில் ரயிலை விட்டு இறங்கி வருகிற ஆட்களை ஜன்னலால் பார்ப்பேன். அவர்களில் ஒருவர் எங்கள் கேற்றைத் திறந்துகொண்டு வருவார், நனைந்து நடுங்கிக்கொண்டு ஜாக்கெட் எங்கே என்று கேட்பார், அது அப்பாவின் காரில் கிடக்கும். அதனால் என் பள்ளி மழைக்கோட்டை எடுத்துக் கதவுக்குப் பின்னால் அந்தக் கொளுக்கியில் மாட்டினேன். அது மாமாவின் முழங்கைக்குக்கூடப் போயிருக்காது. நான் நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் போனேன்.

எல்லாவற்றுக்கும் ஏசுகிற அம்மா அதற்கு ஏசவில்லை. அப்பா வேலைக்குப் போகும்போது, அந்தச் சின்னக் கோட்டு கீழே விழுந்துவிடாமல் கதவைப் பாதி மட்டும் திறந்து, பக்கவாட்டாக நழுவி வெளியே போவார்.